சல்லடையில் நின்ற மண்

"புள்ளி ஒன்பது" என்று ஆய்வுக்கூடத்து மேடம் தொலைபேசியில் சொன்னதும் தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கையில் பாதி கழுவிய பாத்திரம். ஐந்து வருடத்துக்கு முன்னால், இப்போது பரிசோதனைக்குக் கொடுத்த அதே நிலத்து மண்ணில் நூற்றுக்கு ஒன்று புள்ளி ஒன்று பங்கு கரிமம் இருந்தது. ஏறியிருக்க வேண்டிய எண் இறங்கியிருந்தது.

"மேடம், இன்னொரு தடவை பாருங்களேன்."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

மேசையருகே டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை மட்டும் திருப்பினாள். "என்னவாம்?"

அக்காவிடம் பொய் சொல்லிப் பிழைத்தவர் யாரும் அந்த வீட்டில் கிடையாது. தங்கை குழாயை மூடிவிட்டு எண்ணைச் சொன்னாள்.

அக்கா கோபப்படவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால்கூடத் தேவலை, பதிலுக்குத் தானும் நாலு கத்து கத்தியிருக்கலாம். அவள் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள், கோப்பையைக் கொண்டுவந்து தங்கையின் பக்கத்தில் வைத்தாள். "சரி விடு. நாளைக்குக் காலையில கலப்பையை மாட்டறேன்" என்றாள்.

அப்பா விட்டுவிட்டுப் போன நிலம் இருவருக்கும் பொது. பங்கு பிரித்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் வந்து ஓதிப் பார்த்தார்கள், அக்காவும் தங்கையும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அக்கா டிராக்டர் ஓட்டுவாள். நன்றாக ஓட்டுவாள். தான் போட்ட உழவுச் சாலில் கோணல் கண்டுபிடிப்பவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொள்வாள், அதை மறுத்துப் பேச அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. தங்கைக்கோ உழவு என்றாலே ஆகாது. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவள், இனி நிலத்தை உழவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அறுத்த பிறகு மிஞ்சும் தட்டையை அப்படியே விட்டுவிட வேண்டும், ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் நடுவில் மூடுபயிர் விதைத்து மண்ணை வெயில் படாமல் வைத்திருக்க வேண்டும். செடி காற்றிலிருந்து இழுக்கிற கரிமத்தை வேர் மண்ணுக்குள் இறக்கும். கிளறாமல் விட்டால் அது அங்கேயே தங்கும். கிளறினால் வந்த வழியே காற்றுக்குத் திரும்பிவிடும்.

"புகையைப் பிடிச்சு மண்ணுக்குள்ள பூட்டி வெக்கப் போறாளாம் என் தங்கச்சி" என்று அக்கா வீடு அதிரச் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, அவளுக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. முன்பெல்லாம் மழை தவணை முறையில் வரும். இப்போது வராமலே போக்குக் காட்டிவிட்டு, ஒரு நாள் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. அப்படிக் கொட்டும்போதெல்லாம் உழுது போட்ட மேல்மண் கலங்கிய தண்ணீராக ஓடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவளால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டாள். "அஞ்சு வருஷம் தரேன். அந்த எண் ஏறினா கலப்பையைத் தொட மாட்டேன். ஏறலைன்னா நீ குறுக்க வரக் கூடாது."

அந்த ஐந்து வருடமும் லேசில் போகவில்லை. முதல் இரண்டு வருடம் களை தலைக்கு மேல் வளர்ந்தது, விளைச்சல் இறங்கியது. பக்கத்து நிலத்துக்காரர்கள் அதற்குச் சோம்பேறி வயல் என்று பெயர் வைத்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள், ஒரு நாளும் கலப்பையின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான், பேச்சு மாற மாட்டாள். இப்போது தங்கையின் பயமே அதுதான். ஒரே ஒரு நாள் உழவு போதும், ஐந்து வருடமாக உள்ளே சேர்ந்தது கலைந்துவிடும். சேர்ந்ததா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது, அதுதான் அவளை இன்னும் அதிகமாகப் போட்டு வாட்டியது. அன்று இரவு அவள் தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

காலையில் கொட்டகையிலிருந்து இரும்பும் சங்கிலியும் உரசும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார அவளால் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மாமாவின் பேக்கரிக்கு நடந்தாள்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நிலத்துப் பக்கம் அதிகம் போக மாட்டார், அவருடைய உலகம் அடுப்பும் மாவும்தான். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத மனிதர். ரொட்டி வாங்க வந்தவர்கள் அவர் கதையை முடிக்கும்வரை நின்று, ஆறிப்போன ரொட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவரும் பேசவில்லை. "வாம்மா" என்று ஒரு வார்த்தை. பிறகு பெரிய சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து மாவைச் சலித்துக்கொண்டே இருந்தார்.

தங்கை கவிழ்த்து வைத்த ஒரு டின்னின் மேல் உட்கார்ந்தாள். அடுப்புச் சூடு முதுகில் பட்டது. மாவு இறங்கி முடிந்ததும் மாமா சல்லடையைப் புரட்டி, நின்றுபோன கட்டிகளைக் குப்பைத் தொட்டியில் தட்டினார். அடுத்த அள்ளு மாவைப் போட்டார். அவர் தன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதைத் தங்கை கவனித்தாள்.

"அக்கா சொல்லியிருப்பாளே."

"சொன்னா." மாமா பெருமூச்சு விட்டார். "எனக்கு அப்பவே தெரியும்மா. மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டேன்."

"எப்பவே?"

"உன் மண்ணைச் சலிக்கும்போதே."

தங்கை நிமிர்ந்தாள். "எதைச் சலிக்கும்போது?"

மண்ணை எடுத்தது அவள்தான். வயலில் குறித்து வைத்த இடங்களில் அவளே தோண்டிப் பைகளில் போட்டாள். ஆனால் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது, வீட்டில் எதுவும் காயவில்லை. அடுப்போரம் காய வைத்துக் கொடுக்கிறேன் என்று மாமாதான் பைகளை வாங்கிக்கொண்டு போனார். ஐந்து வருடத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நடந்தது. காய வைக்கத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"சும்மா காய வெச்சுக் குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமா. "படிச்சவங்க பார்க்கிற இடத்துக்குப் போற பொருள். தட்டுல பரப்பிக் காய வெச்சு, பதமா சலிச்சு, கையில எடுத்தா மாவு மாதிரி இருக்கணும்னு பண்ணிக் குடுத்தேன். போன தடவையும் நான்தானே பண்ணேன்?"

"போன தடவையும் சலிச்சீங்களா?"

"பின்ன? ஆனா அது எவ்வளவு நல்ல மண்ணு! சல்லடையைத் தட்டினதும் சர்ருனு இறங்கிடுச்சு, எதுவுமே நிக்கல. இந்தத் தடவைதான்..." அவர் குரல் தாழ்ந்தது. "பாதிக்கு மேல நின்னுபோச்சும்மா. கருப்பு கருப்பா சின்னச் சின்ன உருண்டை. தட்டினாலும் இறங்கல. மண்ணு கட்டி விழுந்துடுச்சே, கெட்டுப்போச்சேன்னு எனக்கு மனசே ஆறல. நீ பட்ட பாட்டுக்கு உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"அந்த உருண்டையெல்லாம் எங்க மாமா?"

மாமா திருதிருவென்று விழித்தார். பிறகு குப்பைத் தொட்டியைக் காட்டினார். "கட்டி விழுந்ததை யாராவது எடுத்து வெப்பாங்களா?"

தங்கை எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள், கைப்பேசியைத் தேடினாள். அது அவள் கையில்தான் இருந்தது. மேடத்துக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் மேடம் சிரிப்பது கேட்டது. சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மண்ணு இவ்வளவு சுத்தமா வந்திருக்கேன்னு மனசுக்குள்ள உங்களைப் பாராட்டினேம்மா! அந்த உருண்டையிலதான் விஷயமே இருக்கு. உழுது உழுது பொடியாப் போன மண்ணுல கரிமம் நிக்காது. வேரும் பூஞ்சையும் சேர்ந்து மண்ணை உருண்டையாக் கட்டும். அதுக்கு உள்ளதான் அது பத்திரமா இருக்கும். உருண்டையை உடைச்சுச் சலிக்கணும், கல்லையும் வேரையும் தவிர எதையும் வெளிய போடக் கூடாது. நீங்க சேர்த்ததையெல்லாம் குப்பையில கொட்டிட்டு மிச்சத்தை எனக்கு அனுப்பியிருக்கீங்க."

"அப்போ எண் ஏறியிருக்குமா மேடம்?"

"அதை நான் வாயால சொல்ல முடியாதும்மா. புதுசா எடுத்துட்டு வாங்க, பார்த்தாத்தான் தெரியும்."

தங்கை அடுத்ததாக அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. டிராக்டர் ஓடுகிற சத்தத்தில் அக்காவுக்கு எந்த ஃபோனும் கேட்காது.

"மாமா, வண்டியை எடுங்க!"

மாமா அடுப்பைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டு அப்படியே வந்து ரொட்டி வண்டியில் ஏறினார். புருவத்தில் மாவு, கையில் மாவு, ஸ்டீயரிங்கிலும் மாவு. வழி நெடுகப் புலம்பினார். "என் கையாலயே உன் வாயில மண்ணைப் போட்டுட்டேனேம்மா." தங்கை அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அவளுடைய கண் சாலையில் இருந்தது. தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலை இறக்கிக் கேட்டாள். எதுவும் கேட்கவில்லை. அக்கா முழுவதையும் உழுது முடித்துவிட்டாளோ?

டிராக்டர் வயலின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தது. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை ஒரே ஒரு நடை. அந்த நீளத்துக்கு மண் புரண்டு, கருப்பாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மற்ற இடமெல்லாம் தட்டையும் மூடுபயிருமாக அப்படியே இருந்தது. அக்கா புரண்ட மண்ணுக்குள் குந்தி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் அணைந்திருந்தது.

தங்கை மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றாள். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய உள்ளங்கையில் ஒரு மண்கட்டி. விரலால் பிதுக்கினாள். அது பட்டாணி அளவு உருண்டைகளாகப் பிரிந்ததே தவிரப் பொடியாகவில்லை.

"ஒரு நடை போனேன்டி" என்றாள். "திரும்பறதுக்குப் பின்னால பார்த்தா தூசியே கிளம்பல. நான் ஓட்டினா எப்பவும் பின்னால ஊரே மறையிற மாதிரி தூசி இருக்கும், தெரியும்ல? பின்னால கலப்பையே இல்லாத மாதிரி வண்டி லேசா போச்சு. என்னடா இதுன்னு இறங்கிப் பார்த்தேன். பாரு, எத்தனை மண்புழு. இதையா அவங்க புள்ளி ஒன்பதுன்னு சொன்னாங்க? எனக்கு நம்பிக்கை வரல. மேல ஓட்டவும் மனசு வரல."

தங்கை வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்து சேர்ந்த மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சல்லடை, உருண்டை, குப்பைத் தொட்டி, ஒன்றையும் விடவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"மண்ணுல என்ன ரொட்டியா சுடப் போறாங்க?"

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னாப் போச்சா? இவ ராத்திரி பூரா அழுதிருக்கா, கண்ணைப் பாருங்க." சொல்லிவிட்டு அக்கா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். தங்கையைப் பார்த்தபோது குரல் பழையபடி ஆகிவிட்டது. "சரி. ஆனா பேச்சு பேச்சுதான். கண்ணுக்கு நல்லா இருக்குன்னு நான் விட மாட்டேன். மறுபடி எடு. எண் ஏறலைன்னா மிச்சத்தையும் ஓட்டுவேன்."

"ஏறலைன்னா நானே கலப்பையை மாட்டித் தரேன்" என்றாள் தங்கை.

பழைய இடங்களிலேயே, உழாத பகுதியில், இந்தத் தடவை அக்காதான் தோண்டினாள். பைகளை அவளே கட்டினாள், அவளே மடியில் வைத்துக்கொண்டாள். மாமாவுக்கு வண்டி ஓட்ட மட்டும் அனுமதி கிடைத்தது.

ஆய்வுக்கூடம் நீளமான ஓர் அறை. சுவரோரம் மண் தட்டுகள் அடுக்கடுக்காக, நடுவில் பெரிய மேசை, மூலையில் முனகிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம். மண் காய்வதற்காக அவர்கள் மறுநாள் திரும்ப வர வேண்டியிருந்தது. மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மரக்கட்டை ஒன்றை உருட்டி உருண்டைகளை நசுக்கினார். சல்லடையில் போட்டார். நின்றதைத் திரும்ப எடுத்து நசுக்கினார், திரும்பப் போட்டார். கடைசியில் சல்லடையில் நாலைந்து கல்லும் கொஞ்சம் வேரும்தான் மிஞ்சின. மாமா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை கணக்கு பரவாயில்லையா மேடம்?" என்று தங்கை கேட்டாள். "அதையும் இவர்தானே சலிச்சார்?"

"அப்போதான் எதுவும் நிக்கலன்னு சொன்னாரே. எதுவும் வெளிய போகல, அதனால அந்த எண் சரிதான்."

பிறகு மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாமா ஒரு பொட்டலம் ரொட்டி கொண்டுவந்திருந்தார், யாரும் பிரிக்கவில்லை. தங்கை தரையைப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் கேட்ட கிண்டலெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எண் மறுபடியும் இறங்கியிருந்தால் சொல்ல எந்தச் சாக்கும் மிச்சமில்லை. சாக்கு மிச்சமில்லாமல் தோற்பது எப்படி இருக்கும் என்று அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"ஒன்னு புள்ளி மூனு" என்றார் மேடம்.

தங்கை அவர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏறியிருக்கும்மா. அடி மண்ணுல பெரிசா மாத்தம் இல்ல, அதுக்கு இன்னும் காலம் பிடிக்கும். மேல் மண்ணுல நல்லாவே ஏறியிருக்கு. நான் பார்த்த வயல்கள்ல இவ்வளவு ஏறினது கொஞ்சம்தான்."

தங்கையின் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் உடம்பே லேசாகிவிட்டது. பக்கத்திலிருந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கெடுத்த கைதான், இருந்தாலும் அது கிடைத்தது. மாமா அதற்குள் அழ ஆரம்பித்திருந்தார். அழுதுகொண்டே ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மேடத்துக்கு நீட்டினார். மேடம் கைகழுவாமலே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. தங்கைக்குச் சுருக்கென்றது. தோற்றுப்போனதில் கோபமோ? ஐந்து வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கலப்பையை இனி தொடவே முடியாதே என்ற வருத்தமோ? "அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரிடம் கேட்பவர்களின் குரலில் கேட்டாள். "மேடம், நேத்து நான் ஒரு நடை ஓட்டிட்டேன். ஒரே ஒரு நடைதான், நீளமா. அதுல இருந்ததெல்லாம் போயிடுச்சா?"

மேடம் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "கொஞ்சம் போகத்தான் செய்யும். எல்லாம் போயிடாது. சீக்கிரமா எதையாவது விதைச்சு மூடிட்டீங்கன்னா நிறுத்திடலாம்."

"சீக்கிரம்னா?"

"இன்னிக்கேகூட."

அக்கா எழுந்துவிட்டாள். மேடத்துக்கு நன்றி சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "எழுந்திரிங்க ரெண்டு பேரும். விதைக் கடை மூடறதுக்குள்ள போகணும்." வாசலுக்குப் போனவள் திரும்பிவந்து, தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் ஒரு அழுத்து அழுத்தினாள். அவளுடைய தோளில் இன்னும் வயல் மண் வாசனை இருந்தது. "பயந்தே போயிட்டேன்டி" என்றாள். "உன்னை எப்படித் தேத்தப் போறேன்னு தெரியாம." அவ்வளவுதான், அடுத்த நிமிடம் மாமாவைச் சாவி எங்கே என்று விரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மூவரும் வயலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், தான் உழுத அந்த ஒரு நடையின் ஓரமாகவே போய்க் கையால் தூவினாள். மாமா பின்னால் வைக்கோல் சுமந்தார். தங்கை புரண்டு கிடந்த மண்ணுக்குள் இறங்கி வைக்கோலைப் பரப்பினாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு நெஞ்சில் பாரமில்லாமல் அந்த வயலில் நடக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் காலை வீசி வைத்து நடந்தாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்து அதட்டினாள்.

"ஏய், ஓரமா நட. கிளறாதடி, உள்ள இருக்கிறது வெளிய போயிடப் போகுது."